கமோவுக்கு உள்ளே யாரும் இல்லை

கமோவின் உட்புறம் எப்படி நாறும் என்று சுனகுரா ஊரில் மூன்று நான்கு பேருக்குத்தான் தெரியும். அதில் நான் ஒருவன். ஊறிப்போன பஞ்சு, பழைய வியர்வை, அதை மறைக்க அடித்த பூவாசனை மருந்து.

கமோ எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியின் பறவை. அணியின் பெயர் சுனகுரா கடற்காகங்கள். ஆட்டம் நடக்கும்போது களத்தின் ஓரத்தில் குண்டு வயிறும் மஞ்சள் அலகுமாகக் குதிக்கிற அந்தப் பொம்மை வேஷத்துக்குள் ஆறு வருடம் இருந்தவள் என் தங்கை சாஹோ.

சின்ன வயதில் எங்கள் டயர் கடையின் சிமெண்டுத் தரையில்தான் பந்து தட்டிப் பழகினாள். அவள் அளவுக்கு ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவள் பள்ளியில் யாரும் இல்லை. ஆனால் வளர்த்தி பாதியில் நின்றுபோனது. உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடமும் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினாள். ஊருக்கென்று அணி வந்தபோது டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கமோவுக்குள் இருந்த ஆள் இடுப்பு வலி என்று விலகினான். வேஷம் குட்டை ஆளுக்குத் தைத்தது. அணி நிர்வாகத்தின் தலைவர் நிஷிவாகி அலுவலகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். இருப்பதிலேயே குள்ளமான தலை சாஹோவுடையது.

"களத்துல இறங்கணும்னு எத்தனை வருஷமா ஆசைப்பட்ட? இறங்கிடு" என்றார்.

இளக்காரமாகத்தான் சொன்னார். ஆனால் சாஹோ துறைமுகத்துக்குப் போய்க் கடற்காகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீனைத் திருடப் போகும் பறவை, மீனைப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கும். அதை அப்படியே கொண்டுவந்தாள். எதிரணிக்காரன் தனியாக நின்று பந்தைக் குறிபார்க்கும்போது, கமோ எங்கேயோ பார்த்தபடி பக்கவாட்டில் நடந்து போகும். அரங்கமே வெடித்துச் சிரிக்கும். கமோவைப் பார்ப்பதற்காகவே பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அது என் தங்கை என்று கத்தவேண்டும் போல இருக்கும். கத்த முடியாது. கமோ துறைமுகத்துப் பாறையில் பிறந்த பறவை, உள்ளே யாரும் இல்லை. இதுதான் விதி. எங்கள் அம்மாவுக்கே தெரியாது.

உள்ளூர் ஆட்டங்கள் சனி, ஞாயிறு என்று இரட்டையாக வரும். வேஷமோ ஒன்றுதான். சனிக்கிழமை நனைந்தது மறுநாள் காயாது. பனிக்காலத்தில் கடை அடுப்புப் பக்கம் போட்டு, மெத்தை உலர்த்தும் சூடான காற்றுக் குழாயை உள்ளே விட்டு, புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். கழுத்தும் வயிறும் ஈரமாகவே இருக்கும். சாஹோ இரண்டாவது வேஷம் கேட்டாள். "கமோ ஒண்ணுதானே?" என்று சிரித்தார் நிஷிவாகி. அந்த வருடம்தான் விளம்பரதாரர்கள் உட்காரும் அறைக்குத் தோல் சோபா வந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. காலையிலிருந்தே அவளுக்குக் காய்ச்சல்.

"இன்னைக்கு வேணாம்" என்றேன்.

"பசங்க வந்துடுவாங்கண்ணே."

வெளியே பனி கொட்டியது. அரங்கத்துக்குள் பார்க்க வந்த கிழவர்களுக்குக் குளிரக்கூடாது என்று சூட்டை ஏற்றி வைத்திருந்தார்கள். இடைவேளையில் வழக்கமாக உள்ளே போய்த் தலையைக் கழற்றித் தண்ணீர் குடிப்பாள். அன்று விளம்பரதாரர்களான மிசோ விழுது கம்பெனிக்காரர்களின் பிள்ளைகளோடு படம் எடுக்க நிஷிவாகி அவளை நிறுத்திவிட்டார். கமோவின் இறக்கை அலகைத் தொட்டது. தண்ணீர் வேண்டும் என்பதற்கு அதுதான் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சைகை. மறுபடியும் தொட்டது. நிஷிவாகி சிரித்த முகம் மாறாமல் இறக்கையைக் கீழே அழுத்திவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

ஆட்டம் மறுபடி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கமோ கூடைக்கு அடியில் உட்கார்ந்தது. பிறகு மல்லாந்தது. அரங்கம் சிரித்தது.

"இன்னைக்கு மத்தி மீன் ஜாஸ்தியாயிடுச்சு போல!" என்றான் என் பக்கத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்தவன்.

நான் படிகளில் ஓடி இறங்கினேன். கீழே கயிற்றருகே காவலாளி மறித்தான்.

"எங்க போறீங்க?"

"நான் அண்ணன்."

"யாருக்கு?"

கையைக் காட்டினேன்.

"கடற்காகத்துக்கு அண்ணனா? அப்போ நீங்களும் முட்டையிலேர்ந்துதான் வந்தீங்களா?"

முன்வரிசையில் இரண்டு சிறுமிகள் திரும்பி என் வாயையே பார்த்தார்கள். அவள் ஆறு வருடம் காத்த ரகசியம் என் நாக்கு நுனியில் இருந்தது. அவன் காதருகே குனிந்து, "உள்ள ஆள் இருக்குய்யா, மயங்கிட்டா" என்றேன். அவன் முகம் மாறியது. கயிற்றை அவிழ்த்தான்.

அதற்குள் அவளைப் பந்து வண்டியில் கிடத்தித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலையைக் கழற்றவில்லை. நிஷிவாகி கூடவே நடந்தார். கமோவின் இறக்கை நுனியைப் பிடித்துக் கூட்டத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டே வந்தார். நினைவில்லாத ஒரு பெண்ணின் கையைத் தூக்கி டாட்டா காட்டினார். ஊர் கைதட்டியது. டயருக்குள் செத்து ஊறிய எலியைக் கையால் எடுத்திருக்கிறேன். அந்த எலி எவ்வளவோ மேல்.

உள் தாழ்வாரத்துக்கு வந்ததும் நான்தான் தலையைப் பிடுங்கினேன். முகமெல்லாம், முடியெல்லாம் வாந்தி. கண்ணைத் திறந்தாள். நிஷிவாகி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

"நல்லவேளை, யாருக்கும் தெரியல. முடிஞ்சதும் வாசல்ல பசங்களுக்குக் கை ஆட்டணும். எழுந்துக்க முடியுமாம்மா?"

"முடியாது" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. டிக்கெட் கவுண்டர் பெண் மெயி ஓரமாக நின்றாள். பத்தொன்பது வயது.

"நீ என்ன உயரம்?" என்றார்.

ஈரக் காகிதத்தால் உள்ளே துடைத்துவிட்டு அதே வேஷத்தில் அவளை ஏற்றினார்கள். அழுதுகொண்டே ஏறினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். ஆட்டம் முடிந்து கூட்டம் வழியை அடைத்து நின்றது. சாஹோ என் கோட்டைப் போர்த்திக்கொண்டு தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தபடி வண்டிக் கண்ணாடி வழியே பார்த்தாள். கமோ வாசலில் நின்று கையாட்டியது. பிள்ளைகள் வரிசை பனிவரை நீண்டிருந்தது.

"அண்ணே, அலகைத் தொடுறா."

"தொடட்டும். நீ பேசாம இரு."

"அவர் அமுக்கி விடுறார் பாரு. மறுபடி தொடுறா."

கதவைத் திறந்துவிட்டாள். அவள் கையைப் பிடித்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத் தள்ளாடி நடந்தாள்.

"வரிசையில வாம்மா!" என்றாள் வரிசையில் நின்ற ஒரு தாய்.

சாஹோ முதலில் நின்ற பையனுக்கு முன்னால் குந்தினாள். "கமோவுக்குத் தூக்கம் வந்துடுச்சாம். பாறைக்குப் போகணுமாம். டாட்டா சொல்லிடலாமா?"

"டாட்டா, கமோ!"

இறக்கையைப் பிடித்து உள்ளே நடத்தினாள். நிஷிவாகி குறுக்கே வந்தார். "ஏய், நீ..." என்று வாயைத் திறந்தார். பிள்ளைகள் எல்லாம் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் என்ன சொன்னாலும் உள்ளே ஆள் இருப்பதைச் சொன்னதாகிவிடும். வாய் மெல்ல மூடியது. அதன்மேல் அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. கையையும் ஆட்டினார். தூ!

தாழ்வாரத்தில் சாஹோ, மெயி மாட்டியிருந்த தலையைக் கழற்றினாள். நிஷிவாகி பின்னாலேயே வந்தார்.

"யாரைக் கேட்டுக் கூட்டிட்டு வந்த?"

"அங்கயே கேட்டிருக்கலாமே தலைவரே. பசங்க எல்லாம் இருந்தாங்களே."

அவர் முகம் சிவந்தது. "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

மெயிக்கு வாந்தி வந்துவிட்டது. சாஹோ அவள் முடியை வாரிப் பின்னால் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தலைவரே. ஷூவுல படும்" என்றாள்.