ராணி வேஷம்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நான் ஒரு சரித்திர நாடகம் எழுதினேன். அண்ணனின் படையைத் துணைக்கு அழைத்துக் கணவனை அரியணையில் ஏற்றுகிறாள் ஒரு ராணி. பட்டம் கிடைத்ததும் பக்கத்து நாட்டு உறவுக்காக ராஜா அவளைச் சிறையில் தள்ளிவிட்டு இன்னொருத்தியை மணக்கிறான். எல்லாம் என் சொந்தக் கற்பனைதான். ராஜாவாக என் கணவர், ராணியாக நான். கலிஃபோர்னியாவில் எங்கள் சன்னிவேல் வீட்டில் காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜில் ஒத்திகை பார்த்தோம். இத்தனை வருடக் குடித்தனத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டது அப்போதுதான்.

அந்த வருடம் சங்கத் தலைவர் தேர்தலில் அவர் நிற்கப்போவது எல்லோருக்கும் தெரியும். பழைய தலைவர் கை காட்டினால்தான் ஜெயிக்க முடியும் என்பதும் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றை மளிகைக் கடை பார்க்கிங்கில், இன்ஜினை அணைக்காமலே என் கணவர் சொன்னார்.

"ராணி ரோல பழைய பிரசிடென்ட்டோட வைஃப் பண்ணட்டுமேமா. ஆசைப்பட்டு கேட்டாங்க, ஓகே சொல்லிட்டேன். நீதான ரைட்டர், அது போதாதா?"

"என்னைக் கேட்டீங்களா?"

"ஒரு டிராமா. இதப் போய் பெருசு பண்றியே."

நான் பெருசு பண்ணவில்லை. கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கேயே சண்டை பிடித்திருக்கலாம் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

விழாவன்று, வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பதற்காக, மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் நின்றேன். அந்த அம்மா நன்றாகவே நடித்தார். எனக்கு வயிறு எரிந்தது. கடைசிக் காட்சியில் ராஜா சிறைக்கு வந்து ராணியின் முன் மண்டியிட வேண்டும். என் கணவர் மண்டியிட்டார். வசனம் மறந்துவிட்டது. அவர் கண்கள் என்னைத் தேடின.

"இந்த மகுடம் நீ கொடுத்தது" என்று மெல்லச் சொன்னேன். சொன்னார்.

"இதற்காக உன்னையே விற்றேன்." அதையும் சொன்னார்.

"என்னை மன்னித்துவிடு."

குரல் தழுதழுக்க, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. எனக்குத் தாங்கவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஃப்ரீவேயில் வீடு திரும்பும்போது, "நல்லவேளை, கரெக்ட்டா எடுத்துக் கொடுத்த" என்றார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று எங்கள் எக்ஸிட் வரும்வரை காத்திருந்தேன். ரேடியோவைப் போட்டார்.

தேர்தலில் ஜெயித்தார். என்னிடம் மட்டும் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டில் அதை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.