காற்றின் திசை திருந்திய நாள்

1994 பெப்ரவரி, வியாழக்கிழமை, காலை 9.10. சென் ஜேம்ஸ் ரவுணில் நான் தங்கியிருந்த நண்பர் வீட்டிலிருந்து நடந்து சென்று, இரண்டு டொலர் கொடுத்துச் சுரங்கத் தொடருந்தில் ஏறினேன். வில்சன் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்து, ரொறொன்ரோவின் வடபுறத்து வானிலை அலுவலகத்தை அடைந்தேன். அங்கே கணினிப் பிரிவில் பணிபுரியும் சிவநேசன், யாழ்ப்பாணத்தில் என் அயலவர், தன் வேலையிடத்தைக் காட்டவென வாசலிலேயே காத்திருந்தார்.

10.30. ஆர்க்டிக் கரையின் ஆய்வு நிலையமொன்று நாள்தோறும் காற்றளவுகளை அனுப்பிவந்தது. அயல் நிலையங்களோடு அவை முரண்பட்டதால் கணினி அவற்றை ஏற்கவில்லை. காரணத்தைச் சிவநேசன் கண்டுபிடித்திருந்தார்.

“உவையள் கடல் ஆராயிற ஆக்கள், அண்ணை. நீரோட்டம் எங்கை போகுது எண்டுதான் எழுதிறவை. காத்தையும் அப்பிடியே எழுதிப்போட்டினம்.”

காற்றுக்கோ, அது புறப்பட்டு வரும் திசையே பெயர். வடக்கிலிருந்து வரும் வாடையைத் தெற்கத்திச் சோளகமாக்கிவிட்டார்களா என்று கேட்டேன்.

“ஓம். எங்கடை மயிலிட்டிக் கடற்கரையிலை எழுதியிருந்தால் மீன்பிடிக்கிற ஆக்களிட்டை அடி விழுந்திருக்கும்.”

11.15. திசைகளைத் திருப்பியெழுதி அவர் வரைந்த முதல் வானிலை வரைபடம் அன்று மேசையில் கிடந்தது. வடக்கே ஒரு சிற்றூரில் பேறுகாலச் சிக்கலோடு ஒரு பெண். அவளை ஏற்றிவர வேற்றூரில் ஆயத்தமாக நின்றது ஒரு வானூர்தி. அந்நிலையத்தைச் சேர்க்காத வழக்கமான வரைபடம் நாள் முழுதும் பனிப்புயல் என்றது. சிவநேசனுடையதோ, இரண்டு மணி முதல் ஐந்து மணிவரை காற்றடங்கும் என்றது.

தவறினால் வானோட்டியின் மனைவிக்கு யார் செய்தி சொல்வது என்று தலைமை முன்னறிவிப்பாளர் மார்கரெற் அம்மையார் வினவினார். சிவநேசன் கடந்த மூன்று புயல்களையும் திருத்திய அளவுகளால் மீளக் கணித்து விரித்துவைத்தார். மூன்றும் புயல் உண்மையில் வீசிய நேரத்தோடு பிசகாமல் பொருந்தின. அம்மையார் மூன்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். பின் தொலைபேசியை எடுத்துப் பறக்கலாம் என்றார்.

2.10. காற்றுத் தணிவதாக வடக்கிலிருந்து செய்தி வந்தது. சிவநேசன் தேநீரைத் தொடவேயில்லை.

4.40. வானூர்தி மருத்துவமனை நகரில் இறங்கிவிட்டது, தாய் நலம். அரைமணி நேரத்தில் அச்சிற்றூரைப் புயல் மீண்டும் மூடியது. அறை முழுதும் எழுந்து கைதட்டிற்று. ஆய்வு நிலையத்தின் கோப்பில் ‘இன்றுமுதல் நாள்தோறும் சேர்க்க’ என்று அம்மையார் எழுதிக் கையொப்பமிட்டார்.

“பாத்தியளே அண்ணை,” என்றார் சிவநேசன், கண்ணைத் துடைத்தபடி. “காத்துப் பொய் சொல்லேல்லை.”

6.30. நண்பர் வீட்டுக்குத் திரும்பினேன். ஊரில் வானொலி வானிலை அறிக்கையைத் தொடங்கினால் எழுந்து போய்விடுவது எங்கள் வழக்கம். அன்று மாலை, எனக்கு எவ்விதத் தொடர்புமில்லாத வடதுருவக் கரைகளின் காற்று நிலவரத்தை, நண்பரின் வானொலியில் ஒரு சொல்லும் தவறவிடாமல் நின்றபடியே கேட்டேன்.