மூன்று விரல் டீசல்

என் வீட்டுக் கூடத்தில், மின்சார மீட்டருக்குப் பக்கத்து ஆணியில், ஒரு மூங்கில் குச்சி தொங்குகிறது. இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். டீசலில் ஊறி ஊறிக் கறுத்துப்போனது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பிள்ளைகளை மிரட்ட வைத்திருக்கும் பிரம்பு என்றுதான் நினைக்கிறார்கள். வண்டியின் டேங்க்கில் விட்டு எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்க்கிற குச்சி என்று சொன்னால், எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, கோடுகள் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அளவுக் குச்சி என்றால் கால், அரை, முக்கால் என்று கோடுகள் இருக்க வேண்டும். இதில் ஒரே ஒரு கோடுதான் உண்டு. அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில், ஹாக்சா பிளேடால் அறுத்த கோடு. அது எதற்கு என்று எனக்கே ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது அதை அறுத்தவர் உயிரோடு இல்லை.

அவர் என் மாமா, அக்காவின் கணவர். திருவேற்காட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தார்கள். எண்பதுகளின் கடைசியில் எங்கிருந்தோ ஒரு பழைய டீசல் வேனை வாங்கிக்கொண்டு வந்தார். காலையிலும் மாலையிலும் அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எங்கள் வீட்டு வண்டி. பூந்தமல்லி சந்தைக்கோ, யார் வீட்டு விசேஷத்துக்கோ கிளம்பினால், அக்கா முன்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். தலையில் பூவும் மடியில் வெற்றிலைப் பெட்டியுமாக அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், வேன் அவளுடையது, மாமா அவளிடம் வேலை பார்க்கிறவர் என்றுதான் தோன்றும். பின்சீட்டில் அம்மாவும் நானும்.

அந்த வேனுக்கு வயிற்றுக் கோளாறு. டேங்க்கின் உள்ளே துரு பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். டீசலை உறிஞ்சி இஞ்சினுக்கு அனுப்புகிற குழாய் டேங்க்கின் தரையைத் தொட்டாற்போல இருக்கும் என்பதால், அத்தனை துருவையும் அதுவே இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவை வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். உள்ளே இருக்கிற பெண்கள் ஷிப்டு போச்சு என்று கத்துவார்கள். மாமா இறங்கி, ஃபில்டரைக் கழற்றி ஊதி, திரும்ப மாட்டுவார். போன தடவை கை வைத்த மெக்கானிக்கைத்தான் சொல்ல வேண்டும் என்று நான் பல்லைக் கடித்தால் அவர் சிரிப்பார். "நின்ன வண்டிய யாரு நிறுத்துனான்னு கேட்டுகினே இருந்தா, வண்டி கெளம்பாது நைனா" என்பார். வாய் ஓயாமல் சொல்வார். எனக்கு அது பொறுப்பில்லாதவன் பேச்சாகத்தான் பட்டது.

நான் அப்போது எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர். ஐ.டி.ஐ. சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தவன். எங்கள் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் முதன்முதலாக இரும்பை இழைக்கக் கற்றுக்கொண்ட கை இது என்று ஒரு தலைக்கனம் இருந்தது. ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, தாமிரத்தில் ஒரு புதுக் குழாய் செய்தேன். வாயில் பித்தளைச் சல்லடை வைத்துப் பற்றவைத்தேன். என் மூளைக்கு எட்டிய பெரிய யோசனை இன்னொன்றும் இருந்தது. துரு அடியில்தானே படிகிறது? குழாயின் வாய் தரையிலிருந்து மூன்று விரல் மேலே நிற்கும்படி நீளத்தைக் குறைத்தேன். அளவுகோலைக்கூட எடுக்கவில்லை, என் விரலையே வைத்துக் கோடு கிழித்தேன். மாமாவிடம், இனிமேல் உங்கள் வண்டி நிற்கவே நிற்காது என்றேன். அவர் குழாயை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அன்று முழுக்கத் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், நகைக்கடையில் செய்தாற்போலச் செய்திருக்கிறான் என் மச்சான் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். வண்டியும் ஐந்து மாதம் நிற்காமல்தான் ஓடியது. மாமா எப்போதும் பாதி டேங்க் இருக்கும்போதே போய் நிரப்பிக்கொள்வார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு சித்திரை மாதத்து மதியம். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள். நான் பட்டறையில் இருந்தேன். மாமா சாப்பாட்டில் பாதியில் எழுந்து, கை கழுவாமல் வண்டியை எடுத்தார். பின்சீட்டில் அக்கா, அவள் மடியில் அம்மா. அந்த வாரம் டீசல் போடப் போகாததால் மீட்டர் முள் காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப அது தாராளம். சீக்கிரம் போகலாமே என்று அயனம்பாக்கம் ஏரிக்கரை வழியாகப் போயிருக்கிறார். கரை மேல் ஏறுகிற ஏற்றத்தில் வண்டி இருமியது, நின்றது. டீசல் வண்டியில் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் லேசில் கிளம்பாது. காற்றை வெளியேற்ற மாமா கைப்பம்பை அடித்து அடித்துப் பார்த்தார், நுரைதான் வந்தது. ஏரியைப் பார்த்த அந்தக் கரையில் வேகாத வெயிலில் ஒரு ஈ காக்கை இல்லை. அரை மணிக்கு மேல் ஆனபிறகு வந்த ஒரு செங்கல் லாரியை மறித்து, அம்மாவைத் தூக்கி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று அங்கே யாரோ ஒருவர் சொன்னதை அக்கா மறக்கவே இல்லை.

நான் வந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாமா வாசலில் நின்றிருந்தார். முள் காலில் இருந்தது, எப்படி நின்றது என்று தெரியவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும் என்பார்கள். என் நாக்கு அன்று அத்தனை பேர் முன்னால் புரண்டது.

"டேங்க்ல டீசல் கீதா இல்லையான்னு பாக்கத் தெரியாதவனுக்கு எதுக்குயா வண்டி? எங்கம்மாவ நீதான்யா கொன்ன."

அக்கா தலை நிமிரவில்லை. அவள் மாமாவுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை என்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

மூன்றாம் நாள் பாலுக்குப் பிறகு, அக்காவை அழைத்துவர அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா வாசலில் சாக்கு விரித்து, டேங்க்கை இறக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் டீசல். பக்கத்தில் நீல பிளாஸ்டிக் பக்கெட்டில் பாதிக்குமேல் டீசல் இருந்தது. என்னுடைய தாமிரக் குழாயைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரத்திலும், என் கைவேலையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிகிறது இந்த ஆளுக்கு என்று ஒரு எண்ணம் ஓடியது. டேங்க்கில் டீசல் இருந்ததா என்று கேட்டேன். மாமா என்று கூப்பிடாமல் கேட்டேன். அவர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குழாயைத் துடைத்தார்.

"சொட்டு இல்லபா. காஞ்சி கெடந்துச்சி. முள்ளு பொய் சொல்லிக்கீது, நான் பாக்காம எடுத்துட்டேன். என் தப்புதான்."

பக்கெட்டில் இருப்பது ஊற்றுவதற்காக வாங்கி வந்த டீசல் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் இந்தக் குச்சியைச் செய்தார். தினமும் காலையில் டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் அவர் காதில் விழும்படி சொல்லியிருக்கிறேன். மீட்டரும் அதற்குப் பிறகு விசித்திரமாக நடந்துகொண்டது. டீசல் போட்ட மூன்றாம் நாளே முள் அடியில் போய்ப் படுத்துவிடும். அம்மா செத்தும் இந்த ஆளுக்கு ஒரு மீட்டரைச் சரிபண்ணத் துப்பில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். ஆறு வருஷம் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து நான் சாப்பிட்டதில்லை. அக்கா சண்டை போடவில்லை, சோறு போட்டாள், துணி துவைத்தாள். வேனில் ஏறினால் மட்டும், முன்சீட் காலியாக இருந்தாலும், பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவை மடியில் போட்டுக்கொண்டிருந்த அதே இடம். மாமா கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார்.

மஞ்சள் காமாலை அவரைப் பத்து நாளில் கொண்டுபோயிற்று. கடைசிக்கு முந்தின நாள் நான் போய்க் கட்டிலோரம் நின்றேன். பட்டறையில் வேலை எல்லாம் எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

நாற்பது நாள் கழித்து வேனை விற்றுவிடலாம் என்றாள் அக்கா. மறுநாள் ஆள் வந்து பார்ப்பதாக இருந்தது. நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். முள் அசையாமல் அடியில் கிடந்தது. டீசல் வாங்குமுன் பார்த்துக்கொள்ளலாம் என்று, சீட்டுக்கு அடியில் கிடந்த குச்சியை எடுத்து டேங்க்கில் விட்டேன். ஈரம் சரியாக அந்தக் கோடு வரைக்கும் ஏறியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். அதே கோடுதான். முள் காலி என்கிறது, டேங்க்கில் மூன்று விரல் டீசல். அது அகலமான, தட்டையான டேங்க். அதில் மூன்று விரல் என்றால் கால் டேங்க்குக்குக் கொஞ்சம் மேலே.

டேங்க்கை இறக்கினேன். மீட்டர் முள்ளை ஆட்டுகிற மிதவை உள்ளே ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். அந்தக் கம்பி வளைக்கப்பட்டிருந்தது. தானாக வளைந்ததில்லை, கட்டிங் பிளேயரின் பல் இரண்டு இடத்தில் பதிந்திருந்தது. டீசல் அந்தக் கோட்டுக்கு இறங்கும்போதே முள் காலி என்று காட்டும்படி, பார்த்துப் பார்த்து வளைத்திருந்தார். பிறகு என் குழாயை உருவிக் குச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். குழாய் முடிகிற இடமும் குச்சியின் கோடும் ஒன்றாக நின்றன.

பட்டறையில் பதினாலு வருஷம் அளவெடுத்த எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உயரத்தை அளந்தேன், டேங்க்கின் அகலத்தை அளக்கவில்லை. அன்று முள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. வண்டியில் டீசல் இருந்தது. ஏரிக்கரை ஏற்றத்தில் அது பின்னால் ஒதுங்க, அந்தரத்தில் தொங்கிய என் குழாய் காற்றைக் குடித்திருக்கிறது. மூன்றாம் நாள் சாக்கின்மேல் உட்கார்ந்து டேங்க்கை இறக்கியபோது மாமா இதைக் கண்டுபிடித்திருக்கிறார். நீல பக்கெட்டில் இருந்தது வாங்கி வந்த டீசல் இல்லை. குழாயை அவர் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று நான் கேட்பேன். அதனால் குழாயை அப்படியே வைத்துவிட்டு மீட்டரைப் பொய் சொல்ல வைத்தார். யார் நிறுத்தியது என்று கேட்காத மனுஷனுக்கு, யார் நிறுத்தியது என்று தெரிந்திருந்தது. நான் வேன் அடியில் மல்லாந்து படுத்தபடியே அழுதேன். அம்மாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

அக்காவிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன், ஆனால் அதை மறைக்க விரும்பவில்லை. அவள் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழாயையும் குச்சியையும் தரையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னை நாலு அறை அறைவாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"ஆறு வருசம் பின்னாடியே ஒக்காந்துகினு வந்தேன்டா. ஒரு தபா கூட முன்னாடி வான்னு கூப்புடல அந்த ஆளு. கூப்ட்டா நான் எதுனா கேப்பேன்னு பயந்துகினு இருந்துக்கீறாரு."

குழாயை எடுத்துப் பழைய இரும்புச் சாமான்களோடு போட்டாள். குச்சியை என் பக்கம் தள்ளினாள். "இத நீ வச்சிக்கோ. எங்கூட்ல வேணாம்" என்றாள். அந்த வேனை அவள் விற்கவில்லை. இரண்டு மழைக்காலம் வாசலிலேயே நின்று துருப்பிடித்தது. ஒரு நாள் சாயங்காலம் நான் போனபோது, ஓடாத அந்த வண்டியின் முன்சீட்டில் அவள் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பார்க்காததுபோலத் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது நான் ஒரு சின்னக் கார் வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எண்ணிலேயே காட்டிவிடுகிறது. அயனம்பாக்கம் பக்கம் வீடுகள் வந்து, சாலையை உயர்த்தி, கரைக்கு ஏறுகிற அந்த ஏற்றமே இல்லாமல் போய்விட்டது. வழி தெரியாதவர்களுக்கு ஏரி அங்கே இருப்பதுகூடத் தெரியாது. அந்த இடம் வரும்போது என் கால் தானாக வேகத்தைக் குறைக்கிறது, பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான். வீட்டுக்கு வந்ததும் சில நாள் ஆணியிலிருந்து குச்சியை எடுத்துத் தரையில் ஊன்றி, கோட்டுக்குக் கீழே விரல்களை வைத்துப் பார்ப்பேன். வயசாகி மூட்டுகள் தடித்துவிட்டன. ஆனாலும் மூன்று விரல் இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.