பின்கதவைத் திறந்து பார்க்காத நிபுணர்

தினசரி ஓட்டத்துக்கு ஒரு பழைய டீசல் கார் பார்க்க நீடாமங்கலம் போயிருந்தோம். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாதென்பது விற்பவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே! எஞ்சினில் டாக்டர் மாதிரி காது வைத்தேன், டயரை உதைத்தேன், ஆயில் குச்சியை முகர்ந்தும் பார்த்தேன். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்று சாவியைத் தந்தார். பின்சீட் வசதியைப் பார்க்க மனைவியும் மகளும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

ஊர் தாண்டியதும் ரோட்டில் உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று. நம் பக்கம் வழக்கம்தானே, நானும் ஏற்றினேன். கொஞ்ச தூரத்தில் தீய்ந்த வாடை, அடியிலிருந்து புகை. காய்ந்த செடி சூடான சைலன்சரில் சிக்கிப் பற்றிக்கொண்டது.

"இறங்குங்க, இறங்குங்க!" என்று கத்தியபடி வண்டியை நிறுத்தி முதலில் குதித்தவன் நான்தான்.

"கதவு திறக்க மாட்டேங்குதுங்க!" என்று மனைவி அலறினாள். குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்கப் போடும் லாக் போட்டிருந்தது. உள்ளிருந்து திறக்காது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க!" என்று அழுதுகொண்டிருந்தேன்.

"வெளியிலேர்ந்து திறங்கப்பா!" என்று மகள் கத்திய பிறகுதான் எனக்குக் கை இருப்பது ஞாபகம் வந்தது. திறந்து இருவரையும் இழுத்தேன். உளுந்துக்காரர்கள் குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள்.

இப்போதெல்லாம் உளுந்தைத் தாண்டியதும் நிறுத்தி, அடியில் குனிந்து பார்க்கிறேன். எந்தக் கார் பார்க்கப் போனாலும் முதலில் பின்சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, உள்ளிருந்து திறந்து பார்க்கிறேன். மனைவி வெளியே நின்றபடி, "பயப்படாதீங்க" என்கிறாள்.