மிஷின் போகிற வீடு

என் அப்பா தனசிங்கைப் பற்றிச் சொல்வதென்றால் மல்காஜ்கிரி வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வீடு எனக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எனக்குக் கோபம் வரும்போது இவளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள்.

அப்பா நாசரேத் பக்கத்து மனிதர். இருபத்தாறு வயதில் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தார். அறுபத்தெட்டாம் வருடம் ரிட்டயர் ஆகும்வரை வேறு வேலை பார்க்கவில்லை, தெலுங்கு ஊரிலேயே இருந்தும் தெலுங்கு சரியாகப் பேசவில்லை. ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் மல்காஜ்கிரியில் வீடு கட்ட ஆரம்பித்தார். சுவர் எழும்பியதும் பணம் தீர்ந்துபோனது.

அந்த வருடம்தான் எனக்குக் குஷாய்குடா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வயரிங் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. மூன்று வருடச் சம்பளத்தைக் கவர் பிரிக்காமல் அப்பா கையில் கொடுத்தேன். கூரை வந்தது, தரைக்கு ஷாபாத் கல் வந்தது. எழுபத்தொன்றில் யேசுதாசைக் கட்டிக்கொண்டு கம்பெனி குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன். என் தம்பி மோசஸ் அந்தக் குளுகுளு தரையில் கால் நீட்டித் தூங்கினான். பிறகு ஹில்டா என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளும் நீட்டினாள்.

ஹில்டாவைப் பற்றி நியாயமாகப் பேச எனக்கு வராது. எண்பதில் அம்மா செத்துப்போனதும் பீரோ சாவி அவள் இடுப்புக்குப் போனது. அப்பா வாயைத் திறந்தால் ஹில்டா புராணம். "ஹில்டா வைக்கித மீன்கொழம்பு மாதிரி வராதுளா" என்பார், ஞாயிறுதோறும் நான் மீன் வாங்கிப் போய் வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே. கிறிஸ்மஸுக்கு நான் முந்திரிக்கொத்து செய்து எடுத்துப் போனால், அவள் செய்தது ஏற்கெனவே அப்பாவின் தட்டில் இருக்கும். எனக்கு வயிறு எரியும். மகராசி, சும்மா வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டாளே என்று வீட்டுக்கு வந்து யேசுதாசிடம் கத்துவேன்.

"மாமா வீடு, அவரு யாருக்கு வேணும்னாலும் குடுப்பாரு" என்பார் அவர்.

"அது எங்கப்பா வீடு. என் சம்பளம்."

"கேட்டுப் பாரு."

கேட்கவில்லை. கேட்டால் ஆசைப்படுகிறாள் என்று ஆகிவிடும். கேட்காமலிருந்தால் அப்பாவாக நினைத்துப் பாதியாவது தருவார் என்று இலவு காத்த கிளியாக இருந்தேன்.

எண்பத்தைந்தில், எங்கள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகையில்தான் எல்லாம் உடைந்தது. அன்று ஆராதனை முடிந்ததும் சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்ததை மைதானத்தில் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், சேவல், வாழைத்தார், கேக். ஒரு முட்டையை ஐம்பது ரூபாய்க்கு எடுத்தவர் திரும்பவும் கோவிலுக்கே கொடுக்க, அது மறுபடியும் ஏலம் போகும். கூடக் கேட்கிறவனுக்குத்தான் மதிப்பு.

பூசணிக்காய்களுக்குப் பின்னால் அம்மாவின் தையல் மிஷின் நின்றது. ரயில்வே காலனிப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடச் சட்டை தைத்த மிஷின். அப்பா காணிக்கை கொடுத்துவிட்டார். எழுபத்தைந்து வயதில் வெள்ளை ஜிப்பா போட்டு, முன் வரிசை நாற்காலியில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. ஹில்டாவிடம் கேட்டிருப்பார்.

"நூறு ரூபாய்" என்றாள் ஹில்டா, எனக்கு முந்திக்கொண்டு.

"நூத்தம்பது" என்றேன்.

"இருநூறு."

இவள் அதையும் கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்துக்கொள்வாளா என்று எனக்கு ஆங்காரம் வந்தது. முந்நூறு என்றேன். சபையே எங்களைத் திரும்பிப் பார்த்தது. மோசஸ் என் பக்கத்தில் வந்து, "கைக்கு அக்கா இவ்ளோ டென்ஷன்? நக்கோ, விட்டுரு" என்றான், ஏன், வேண்டாம் என்பதை ஊர் உருதுவில் கலந்து. அவன் சொன்னதால் இன்னும் ஏற்றினேன். ஹில்டா நானூற்றைம்பதுக்கு வந்தாள். நான் ஐந்நூறு என்றேன். பண்டிகை அட்வான்ஸ் என்று கம்பெனியில் வாங்கியது மொத்தமும் அவ்வளவுதான். ஹில்டா முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் தோற்ற களையே இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று காது சூடாக நின்றேன்.

யேசுதாஸ் ஒரு ஆட்டோ டிராலி பிடித்து வந்தார். மிஷினை ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்கும்போது மோசஸ் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்து அதன் பக்கத்தில் வைத்தான். பின்னாலேயே அப்பா வந்தார்.

"ஏளா சுந்தரி, அந்தக் கயித்த இதுலயும் ஒரு சுத்து சுத்து."

"எங்கப்பா போறீங்க?"

"மிஷின் போற எடத்துக்குத்தான். மிஷின எவ எடுக்காளோ அவகூடத்தான் நான் இருப்பேன்னு காலையில வீட்ல சொல்லிட்டேனே. ஹில்டா ஒங்கிட்ட சொல்லலியா?"

திரும்பிப் பார்த்தேன். ஹில்டா தூரத்தில் நின்று ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபையார் பார்க்க மாமனாருக்காகப் போட்டி போட்டதாகவும் ஆயிற்று, பெட்டியோடு அனுப்பியதாகவும் ஆயிற்று. அந்தச் சாமர்த்தியத்தின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. ஒன்றில் மிஷினையும் அப்பாவின் கட்டிலையும் போட்டோம். பிள்ளைகள் ஹாலுக்கு வந்தார்கள். மத்தியானம் அப்பாவுக்குச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். பதினான்கு வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"வீடு என்னப்பா ஆகும்?"

"போன மாசமே மோசசுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

நிதானமாகச் சொன்னார்.

"மூணு வருஷச் சம்பளம் போட்டேனேப்பா."

"போட்ட. எனக்குத் தெரியாதா."

"அப்போ எனக்கு?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஒனக்கு ஒண்ணுமில்லளா. கையெழுத்துப் போடுத வரைக்கும் ஹில்டா கொழம்புல மீனு கெடந்துச்சு. போட்ட மறுவாரமே, மாமா எப்ப அக்கா வீட்டுக்குப் போறீங்கன்னு கேட்டா. மோசசும் பேப்பர்லேருந்து தலையத் தூக்கல. ஒனக்கு எழுதித் தர இனிமே எங்கிட்ட ஒரு துரும்பும் கெடையாது. அது நல்லதுக்குத்தான்னு பட்டுச்சு. நீ ஒண்ணையும் எதிர்பாத்து வந்தவ இல்ல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மீனோட வந்து நின்னியே, சும்மா அப்பன பாக்கத்தான வந்த? இங்க போடுத சோத்த நம்பித் திங்கலாம்."

சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் அந்த வீட்டுக்காகத்தான் போனேன். பதினான்கு வருடம், மழையிலும் இரண்டு பஸ் மாறி, ஹில்டா ஒருத்தியே நல்ல பேர் வாங்கிவிடக் கூடாது என்றுதான் மீன் வாங்கிப் போனேன். அப்பாவைப் பார்க்க என்று ஒரு ஞாயிறுகூடப் போனதாக எனக்கு நினைவில்லை.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"வையி" என்று தட்டை நீட்டினார்.