பெரிய சக்கரத்தில் அஞ்செட்டி மலையிறக்கம்

வெள்ளிக்கிழமை மாலை 4.10. கிருஷ்ணகிரி பெங்களூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நின்ற எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாளுக்கு முன்னால் விட்டுவிட்டுப் போன வண்டிதானா இது? அப்போது ஏதோ சாதுவாக நின்றது. இப்போது லாரி டயர் மாதிரி நான்கு டயரை மாட்டிக்கொண்டு, உடம்பை இரண்டு அங்குலம் தூக்கிக்கொண்டு, சண்டைக்கு வருவதுபோல் முறைத்தது. நான் சேலையை இழுத்துச் செருகி, கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற முடிந்தது.

டயர், ரிம், ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் வைத்த இரும்புக் கட்டை, கூலி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம் ரூபாய். 2006-இல் அது என் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. இந்தக் கூத்தெல்லாம் என் பதவி உயர்வுக்காக. ஓசூரில் உதவி ஆசிரியையாக இருந்த எனக்கு, நாட்றாம்பாளையத்துக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை வேலை வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதினால் மூன்று வருஷத்துக்குப் பட்டியலில் பெயர் வராது என்று அலுவலகத்தில் பயமுறுத்தினார்கள். பள்ளிக்குப் போகும் கடைசி நான்கு கிலோமீட்டர் பாறையும் ஓடையும்தான். சாதா ஜீப்பின் அடிவயிறு இடிக்கும். ஆகவே சனிக்கிழமை போய் வந்து பார்ப்பது, வண்டி சரியாக இருந்தால் ஒப்புக்கொள்வது என்று பேச்சு.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். விருதுநகர்க்காரர். மில்லிமீட்டர் அளக்கும் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். கொட்டகையில் குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அளந்து, "இருபத்தெட்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கு. தாராளம்" என்றார்.

மெக்கானிக் அன்வர் பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அப்பிடி அளந்தா தெரியாதுங்க சார். வீட்டுல எல்லாரையும் ஏத்தி, சாமானும் ஏத்தி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சுப் பாக்கணும். அப்பிடிப் பாக்காம நான் வண்டி குடுக்கறதே இல்லீங்க. காலையில ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போங்க."

"காலையில நாங்க அஞ்செட்டியில இருக்கணும் பாய். அளவு சொல்லுதுல்ல."

பாய் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? இவர் அளந்த பிறகு வீட்டில் யாரும் பேசுவதில்லை. தொழிற்சாலையில் பாகங்களுக்கு ஒட்டும் பச்சை 'ஓகே' ஸ்டிக்கர் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

4.40-க்குப் புறப்பட்டோம். விருப்பப் படிவத்தில் 'வசிப்பிடத்திலிருந்து பள்ளிக்கு உள்ள தூரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்காக நோட்டும் பென்சிலும் கொண்டுவந்திருந்தேன். பழக்கம் வரட்டுமே என்று 'ஓசூர் 40' என்ற கல்லில் மீட்டரைக் குறித்தேன். சூளகிரி தாண்டி 'ஓசூர் 10' வந்ததும் மறுபடி பார்த்தேன். கல் கணக்குப்படி முப்பது. மீட்டரில் இருபத்தேழரைகூட முழுசாக ஆகவில்லை.

"என்னங்க, கல்லு ஒண்ணு சொல்லுது, மீட்டர் ஒண்ணு சொல்லுதே."

"நாலு வழி போடுறான்ல, கல்லை எவனோ பிடுங்கித் தப்பா நட்டிருப்பான்" என்றார். முப்பது கல்லையுமா பிடுங்கினான் என்று கேட்க வாயெடுத்தேன். எதிரே வந்த லாரிகளைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 6.30. வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஜீப்பின் பின்னால் இரும்புக் கட்டில், கிரைண்டர், கேஸ் சிலிண்டர், இரண்டு மூட்டை அரிசி. "நான் இன்னும் சரின்னே சொல்லலையே" என்றேன். "எப்பிடியும் சொல்லப்போற. வெறுவண்டியா ஏன் போகணும்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலை, என் கையெழுத்து. கட்டிலை ஏற்ற இவர் யார்? தேன்கனிக்கோட்டை வரை அவர் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அங்கே 7.20-க்கு டீ குடித்தோம், ஒன்று மூன்று ரூபாய். ஓசூரிலிருந்து கல் இருபத்தைந்து காட்டியது. மீட்டர் இருபத்துமூன்றை எட்டவில்லை. நோட்டை நீட்டினேன். தேன்கனிக்கோட்டையிலும் கல்லைப் பிடுங்கிவிட்டார்களா? இந்த முறை அவர் டயரை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏறினார்.

அதற்குப் பிறகு காடு. யானை கடக்கும் இடம் என்று பலகைகள். சாலை அஞ்செட்டியை நோக்கி மலையிறங்கத் தொடங்கியது. மூங்கிலும் பாறையுமாக ஒரு பக்கம், வெறும் வானம் மறுபக்கம். வண்டி இறக்கத்தில் பிடி கொடுக்காமல் ஓடுவது எனக்கே தெரிந்தது. அவர் பிரேக்கை மிதித்தபடியே இருந்தார்.

7.55 இருக்கும். ஒரு கொண்டை ஊசி வளைவு. கீழிருந்து ஒரு பேருந்து ஏறி வந்தது. இவர் பிரேக்கை அழுத்தி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். கரகரவென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. சாலை வலப்பக்கம் திரும்பியது, நாங்கள் நேராகப் போனோம். பின்னாலிருந்த கட்டிலும் கிரைண்டரும் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் தள்ளின. நான் கத்தினேனா, சாமியைக் கூப்பிட்டேனா, தெரியாது. தடுப்புச்சுவரில் முன்பக்க இரும்பு மோதி வண்டி நின்றது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மரங்களின் தலைதான் தெரிந்தது.

பேருந்து ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். முதலில் சக்கரத்துக்கு அண்டையாக ஒரு கல்லைப் போட்டார். பிறகுதான் பேசினார்.

"ஏஞ் சார், இவ்ளோ வேகமாவா எறங்கறது?"

"இருபதுலதாங்க வந்தேன். ஒடிச்சேன், திரும்பலை."

அவர் குனிந்து பார்த்தார். டயரில் மட்கார்டு சீவின இடம் வெள்ளரிக்காய் தோல் சீவினமாதிரி இருந்தது. ரப்பர் கருகிய நாற்றம். "பிரேக் மிதிச்சா வண்டி முன்னாடி குனியும் சார். பின்னாடி லோடு வேற தள்ளுது. ஒடிச்ச டயரு போயி மட்கார்டுல முட்டிக்கிச்சு. நின்ன எடத்துல வச்சே அளந்தீங்களாட்டம் இருக்குது" என்றார். மீட்டரைத் தட்டி, "பெரிய டயரு போட்டா இதுவும் கம்மியாத்தான் காட்டும். மாத்திப் பாக்கலீங்களா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. தொழிற்சாலையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அளவுகோலையும் சரிபார்த்துத் தேதி போடுகிற மனிதர். நேற்றிலிருந்து நான் நோட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டுவாரோ என்று பார்த்தேன். அந்தப் பச்சை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். "திரும்பிடலாம். திங்கட்கிழமை வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு. உன்னைக் கொன்னுருப்பேன்" என்றார்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. "கட்டிலை ஏத்தும்போதும் என்னைக் கேக்கலை, இப்பவும் கேக்கலை. பள்ளிக்கூடத்தைப் பாக்காம நான் திரும்ப மாட்டேன்" என்றேன்.

பேருந்தில் வந்தவர்கள் இறங்கி வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். முதல் கியரிலேயே போங்க, ஒரே மூச்சில் ஒடிக்காமல் பாதி ஒடித்து, பின்னால் வந்து, மறுபடி ஒடியுங்க என்று ஓட்டுநர் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் இறங்கி, கல்லும் கையுமாக நின்றேன். அஞ்செட்டி போய்ச் சேர 9.30 ஆகிவிட்டது. ஓசூரிலிருந்து நாற்பத்தேழு கல். ஜீப்பைக் கடைத்தெருவில் விட்டுவிட்டு, நாட்றாம்பாளையத்துக்கு ஆளுக்கு ஆறு ரூபாய் கொடுத்துப் பேருந்தில் போனோம். தூரம் பதினைந்து.

அங்கிருந்து கடைசி நான்கு கிலோமீட்டரும் நடை. ஓடையில் முழங்கால் தண்ணீர். கரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு மொபெட் சத்தம் கேட்டது. ஓட்டி வந்தவர் அந்தப் பள்ளியின் ஒரே ஆசிரியர், மாதேஷ். சனிக்கிழமையும் சத்துணவுக் கணக்குக்காக வந்தாராம். ஓடைக்கு வந்ததும் எஞ்சினை அணைத்தார். அக்கரையில் மாடு மேய்த்தவரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக மொபெட்டைத் தூக்கித் தோளுயரத்துக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். "தினமும் இப்பிடித்தானா?"

"ஆமாங்க சார், நாலு வருசமா. ரெண்டு ஓடை, ஒரு பாறை, மூணு எடத்துல தூக்கணும்."

"பெரிய டயர் போடலாமே?"

"பெருசா போட்டா எப்பிடிங்க சார் தூக்கறது?"

சைக்கிள் டயரைவிடச் சற்றே தடித்த அந்தச் சக்கரத்தையே இவர் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் இருபத்திரண்டாயிரம் அஞ்செட்டிக் கடைத்தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியைப் பார்த்தேன். இரண்டு அறை, ஓட்டுக்கூரை, தலைமையாசிரியர் நாற்காலியில் தூசி. நாலு வருஷமாக அதில் யாரும் உட்காரவில்லை என்றார் மாதேஷ். வந்தவர்கள் எல்லாரும் ஓடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்களாம்.

கட்டில், கிரைண்டர், சிலிண்டர், அரிசி எல்லாவற்றையும் நாட்றாம்பாளையத்தில் மாதேஷுக்குத் தெரிந்த வீட்டில் இறக்கி வைக்க, அஞ்செட்டியிலிருந்து ஒரு டெம்போவுக்கு இருநூறு ரூபாய் ஆனது. ஜீப் வெறுவண்டியாக, வளைவுக்கு வளைவு பின்வாங்கி, மலையேறியது.

ஞாயிறு மாலை படிவத்தை விரித்தேன். விருப்பம் உண்டு என்று எழுதினேன். வார நாட்களில் நாட்றாம்பாளையத்திலேயே தங்குவது என்று நானே முடிவு செய்தேன். அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். வெர்னியர் அலமாரியில் இருந்தது. தூரக் கட்டத்துக்கு வந்ததும் நோட்டைப் புரட்டினேன். அஞ்செட்டி வரை ஒவ்வொரு ஊருக்கும் எதிரே இரண்டு எண் இருந்தது, கல் சொன்னது ஒன்று, மீட்டர் சொன்னது ஒன்று. மீட்டர்படி பள்ளி எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது.

பென்சில் நின்றதைப் பார்த்துவிட்டார். நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார், திரும்ப என்னிடமே தள்ளினார்.

"கல் கணக்கையே எழுது" என்றார்.

அறுபத்தாறு என்று எழுதினேன்.