அந்த மணலில் இருந்த மஞ்சள்

ஜெசிந்தா அன்ரியைப் பற்றி எழுத என்னைவிட உரிமை உள்ளவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அவரோடு பாடற்குழுவில் நின்றவர்கள், மருத்துவமனைச் சலவைப் பகுதியில் அவரோடு வேலை செய்தவர்கள், மன்னாரிலிருந்தே அவரைத் தெரிந்தவர்கள். நான் அவருடைய வான் வண்டியில் ஐந்து தடவை பயணம் செய்தவள், அவ்வளவுதான். அடக்கப் பூசை முடிந்து மண்டபத்தில் ஒவ்வொருவராகப் பேசியபோது என்னையும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். நான் தேநீர்க் கோப்பைகளை அடுக்கப் போய்விட்டேன். அன்று வாய் திறக்காதவள் இன்று நம் மாதர் வட்டத்தின் மடலில் இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது மல்கிரேவில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தின் சாப்பாட்டறையில் மதியச் சாப்பாட்டைத் திறந்துகொண்டிருந்தேன். "ஜெசி இண்டைக்குக் காலமை செத்துப்போனா. பிலிப்." அன்ரியின் கணவர் பிலிப் அங்கிள் இதற்குமுன் யாருக்கும் செய்தி எழுதியதை நான் அறியவில்லை. அதனால் நான் அதை நம்பவில்லை. யாரோ அவருடைய கைபேசியை எடுத்திருக்கிறார்கள், அடுத்ததாக ஏதோ ஓர் இணைப்பை அழுத்தச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அழைத்தேன்.

"ஓம் பிள்ளை, நான்தான் எழுதினனான். கதைக்கேலாமல் கிடந்தது, அதுதான்" என்றார்.

அவரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆனால் முதலில் சந்தேகப்பட்டேன் என்பதை அன்ரி அறிந்திருந்தால் மெச்சியிருப்பார் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. "நம்பிறதெண்டாப் பாத்திட்டு நம்பு" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு.

அவருடைய வானை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடமிருந்து வாங்கிய பழைய வீட்டு வான். உள்ளே கட்டில், சமைக்க ஒரு சின்னக் குசினி, ஒரு மலசலகூடம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஏன் அதை வாங்கினார் என்பது பலருக்குத் தெரியாது. நம் மாதர் வட்டத்தின் முதல் கடற்கரைப் பயணத்தில் என் அம்மா உட்பட ஒன்பது பெண்கள் விடியற்காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தார்கள். பொது மலசலகூடத்துக்குப் போகக்கூடாது என்பதற்காக. மதியத்துக்கு முன்பே தலைவலி என்று எல்லோரும் திரும்பிவிட்டார்கள். "கடலைப் பாக்க வெளிக்கிட்டிட்டுத் தொண்டை காஞ்சு நிக்கிறது என்ன கோலம்?" என்று கேட்டாராம் அன்ரி. அடுத்த கோடைக்குள் வான் வந்துவிட்டது.

நான் முதலில் போன பயணத்தில் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. அந்த வானின் மலசலகூடத்துக்கு அடியில், பயணப்பெட்டியைப் போலச் சில்லும் கைபிடியும் உள்ள ஒரு தொட்டி இருக்கும். நிறைந்ததும் இழுத்துக்கொண்டுபோய் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்ட வேண்டும். டம்ப் பொயின்ற் என்பார்கள். மூன்று நாளைக்குத் தாங்கும் என்று விற்றவர்கள் சொன்ன தொட்டி எங்களுக்கு முதல் நாளே, ஜீலோங் நகரம் வருவதற்குள் நிறைந்துவிட்டது. காரணம் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. அன்ரிதான் சொன்னார்.

"வெள்ளைக்காரன் தன்ர கடதாசிக்கு அளந்து செய்த பெட்டி இது. எங்கட சனத்தின்ர தண்ணிப் பேணியை ஆர் அளந்தது?"

வான் முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் பயணங்கள் கடலைப் பார்ப்பது பாதி, கொட்டும் இடம் தேடுவது பாதி என்றாயின. கைபேசியில் இடங்களைக் கண்டுபிடிப்பது என் வேலை. கைபேசியை நம்பாமல் இருப்பது அன்ரியின் வேலை. முதல் இடத்தில் பூட்டு. இரண்டாவது இடம், வீட்டு வான்காரர் காசு கட்டித் தங்கும் ஒரு கரவன் பார்க். தங்குபவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு, எங்கள் சேலைகளையும் வானையும் மாறிமாறிப் பார்த்தார் அங்கிருந்தவர். மூன்றாவது இடத்தில் மூடி இருந்தது, குழாய் இருந்தது, நீலப் பலகையும் இருந்தது.

"இதுதான் அன்ரி. அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கினம்" என்றேன்.

"போட்டவன் இதுக்குள்ள எட்டிப் பாத்தவனோ?" என்று கேட்டுவிட்டு, சீலைத் துண்டு சுற்றிய ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனார். எங்களை வரவிடவில்லை. கால் மணி நேரம் கழித்து வந்து, "சரி, இப்ப இறக்கலாம்" என்றார்.

ஒவ்வொரு பயணத்திலும் அந்தப் போத்தல் இருந்தது, ஒவ்வொரு தடவையும் அவர் தனியாகவே போனார். அது மடுக் கோயில் தீர்த்தம் என்று நான் முதலில் நினைத்தேன். "வாகனம் ஓடேக்க குடிக்கிறாவோ?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டபோது அதையும் நினைத்தேன். அவர் திரும்பிவரும்போது பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுத்தும் பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவருக்கும் என்மீது சந்தேகம் இருந்தது. "நீ ஆய்வுகூடத்தில என்ன பாக்கிறனீ?" என்று ஒருநாள் கேட்டார்.

"தண்ணி, அன்ரி. ஆத்துத் தண்ணி, குளத்துத் தண்ணி. என்ன கலந்திருக்கெண்டு பாக்கிறனாங்கள்."

"அப்ப கவுன்சிலின்ர ஆளோ?" நகரசபைக்காக வேவு பார்க்க வந்தவளோ என்று நினைத்தார்போலும்.

"இல்லை அன்ரி."

"ஆர் கண்டது" என்றார். ஆனால் அன்று சாப்பாட்டில் பெரிய மீன் துண்டு என் தட்டில்தான் இருந்தது.

இனி எழுதப்போவது இரண்டு வருடங்களுக்கு முந்திய கோடைப் பயணத்தைப் பற்றி. உங்களில் பாதிப்பேர் வானிலும் பின்னால் கார்களிலுமாக அங்கே வந்திருந்தீர்கள். ஜீலோங்கைத் தாண்டி ஒரு சிறு கடற்கரை ஊர், படகு இறக்கும் துறைக்குப் பக்கத்தில் புல்வெளி. வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் ஒரு மூடியும் குழாயும் இருந்தன. கைபேசி அதை டம்ப் பொயின்ற் என்று காட்டியது. அன்ரி வழக்கம்போலப் போத்தலோடு போனார். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணவில்லை.

அதற்குள் பிள்ளைகள் கடற்கரையிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். மணலுக்கு மேலே நீண்டிருந்த ஒரு குழாயின் வாயிலிருந்து மஞ்சளாக ஏதோ வடிந்து, ஒரு பாய் அகலத்துக்கு மணலை நனைத்திருந்தது. எல்லோரும் சுற்றி நின்றோம். தொட்டியைக் கொட்டிவிட்டுப் பயத்தில் போய்விட்டாள் என்று ஒருவர் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, அதனால் பெயர் எழுதவில்லை. இன்னொருவர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ படிச்சனி. இதுதானே உன்ர வேலை. பாத்துச் சொல்லு, அதுதானோ?"

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து மணந்து பார்த்திருந்தால் போதும். ஐம்பது பேருக்கு முன்னால் குனிய எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. வாடை எதுவும் இல்லை என்பது நின்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தனியாக ஒதுங்கிப் போகும் ஒரு பெண், சீலை சுற்றிய போத்தல், என் மனத்தில் ஏற்கெனவே இருந்த சந்தேகம். "இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் முடிந்தது. படித்த பிள்ளையே சொல்லிவிட்டாள் என்று ஆயிற்று. அன்ரி திரும்பிவந்து, கழுவிய தொட்டியை வானில் பொருத்தியபோது அது காலியாக இருப்பதை எல்லோரும் பார்த்தோம். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில், இனிப் பயணங்களுக்குப் பேருந்து மட்டும் என்று முடிவெடுத்தோம். கடலையே அழுக்காக்குகிறவள் என்று வேறு இடங்களில் பேசிக்கொண்டதும் எனக்குத் தெரியும். என் அம்மா மறுபடியும் விடியற்காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் போகத் தொடங்கினார்.

சில மாதங்களுக்குப் பிறகு கோயில் வாகனத் தரிப்பிடத்தில் அன்ரி என்னை மறித்தார். கோபம் இல்லை. என்னை நன்றாக உற்றுப் பார்த்தார்.

"பிள்ளை, என்னட்டை ஏதும் கேக்க வேணுமோ?"

"இல்லை அன்ரி."

"சரி. கேட்டாச் சொல்லுவன். கேளாதவைக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அதற்குப் பிறகு அவரோடு நான் பேசியது வணக்கம் மட்டுமே.

அடக்கம் முடிந்த அடுத்த சனிக்கிழமை, வானைத் துப்புரவாக்க ஆள் வேண்டும் என்று பிலிப் அங்கிள் கேட்டார். ஏன் என்னைக் கேட்டார் என்று அதிலும் எனக்குச் சந்தேகம். அம்மாவும் நானும் போனோம். தொட்டி வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் சீலை சுற்றிய போத்தல் இருந்தது. சீலையை அவிழ்த்தேன். போத்தலின் உட்புறம் முழுவதும் மஞ்சள் படிந்திருந்தது. மூடியைத் திறந்ததும் குசினி வாசம் வந்தது. பக்கத்திலேயே ஒரு சிறிய போத்தலில் அரைத்த மஞ்சள் தூள்.

"அது அவளின்ர சோதினை" என்றார் அங்கிள். "மூடிக்குள்ள மஞ்சள் தண்ணி ஊத்திப்போட்டு, கடல்பக்கம் போய் நிண்டு பாப்பாள். மஞ்சள் வெளிய வந்தா அது கடலுக்குப் போற ஓட்டை, கொட்டக்கூடாது. வராட்டி சரி. முதல்ல பெயின்ற்தான் கலந்தவள். மீன் செத்துப்போம் எண்டு மஞ்சளுக்கு மாறினவள்."

"ஏன் அங்கிள் ஒளிச்சுச் செய்தவ?"

"மஞ்சளைக் கொண்டுபோய்க் கக்கூசுக் குழிக்குள்ள ஊத்திறாள் எண்டு எங்கட சனம் சொல்லுமாம்."

அம்மா அந்தப் போத்தலை என் கையிலிருந்து வாங்கித் தானும் மணந்து பார்த்தார்.

அப்போதும் எனக்கு முழுமையாக நம்பிக்கை வரவில்லை. பார்த்துவிட்டு நம்புவோம் என்று அடுத்த நாளே அம்மாவோடு அந்த ஊருக்குப் போனேன். தரிப்பிடத்தில் அந்த மூடிக்கு மேலே இப்போது ஒரு பலகை இருந்தது: படகு கழுவும் நீருக்கு மட்டும், கழிவு கொட்டக் கூடாது. மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு மணலுக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் அதே குழாய் வாயிலிருந்து மஞ்சள் வடிந்தது. குனிந்து, முழங்காலில் நின்று மணந்து பார்த்தேன். இம்முறை என்னைச் சுற்றி யாரும் நிற்கவில்லை.

அன்றைக்கு அந்தத் தொட்டி எங்கே காலியானது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அந்த வட்டாரத்தில் இருந்த மற்ற டம்ப் பொயின்ற் ஒன்றே ஒன்று. உள்ளே தள்ளி, விவசாயக் கண்காட்சி நடக்கும் திடலில். அதன் காவலாளி ஒரு வயதான வெள்ளைக்காரர். அன்ரியின் படத்தைக் காட்டினேன்.

"போத்தல்காரி" என்று சிரித்தார். "என் குழியையும் சோதித்தாள். ஓடைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பெட்டியை இறக்கினாள். உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். துறையில் இருக்கும் மூடி கடலுக்குப் போகிறது, கவுன்சிலுக்கு நீயே அழைத்துச் சொல்லு, என் ஆங்கிலத்தை அவர்கள் நம்பமாட்டார்கள் என்றாள். அழைத்தேன். பலகை வைத்துவிட்டார்கள் அல்லவா?"

அன்ரி இறந்துவிட்டார் என்று சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, அதற்குப் பிறகு அவளைக் காணவில்லையே என்று அடிக்கடி நினைத்ததாகச் சொன்னார்.

இதை உங்களுக்கு அனுப்புவதற்கு முன் பிலிப் அங்கிளுக்கு வாசித்துக் காட்டினேன். முழங்கால் வலி என்று சொல்லித்தான் அன்ரி பயணங்களை நிறுத்தினாராம். நான் சொன்ன "இருக்கலாம்" அங்கிளுக்கு அன்றுதான் தெரியவந்தது. என்மீது கோபப்படாமல், "அவள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். அங்கிளும் நம்பமாட்டார் என்று அன்ரி சந்தேகப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மஞ்சள் படிந்த அந்தப் போத்தலை அங்கிள் என்னிடம் தந்துவிட்டார். ஆய்வுகூடத்தில் என் மேசையில் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு முடிவை எழுதிக் கையெழுத்திடும் முன் அதைப் பார்க்கிறேன். பிறகு மாதிரியை இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான்: சந்தேகப்படுவது தப்பில்லை, சந்தேகப்பட்ட பிறகு போய்ப் பார்க்காமல் விடுவதுதான் தப்பு.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். முதலிலேயே கேட்டிருந்தால் நீங்கள் மேலே வாசித்திருக்க மாட்டீர்கள் என்று பயந்தேன். இந்த மடலை நம் வட்டத்தில் பாதிப்பேர் வாசிப்பதில்லை. ஆனால் அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அது வாயால் பரவியது, எழுத்தால் அழியாது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு எல்லோரும் வருவார்கள். மண்டபத்தில் நான் மறுபடியும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நிற்பேன்; தானாக எழுந்து பேச என்னால் முடியாது, என்னை நான் அறிவேன். அதனால் உங்களில் ஒருவர், யாராவது ஒருவர், எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேளுங்கள்: "பிள்ளை, அண்டைக்கு அந்த மணல்ல கிடந்தது என்ன?"

கேட்டால் சொல்லுவேன்.